முஸ்லிம் விவாகமும் பெண்ணின் சம்மதமும்

முஸ்லிம்களுடைய விவாகத்தில் ஒரு கேள்வி இருக்கின்றது. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, ஜமாத்துப் பெரியவர்கள் கூடி, நிகாஹ் பதிவுப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருக்கும் சமயத்தில், பெண்ணின் தகப்பனாரோ அல்லது அவருக்குப் பதிலாக வலியாக இருப்பவரோ இரண்டு சாட்சிகளுடன் பெண் இருக்கும் இடத்திற்குப் போகிறார். போய், "இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை நிகாஹ் செய்து கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்கிறார். அவள் சம்மதித்தால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கலாம். அவள் மாட்டேன் என்றால் பந்தல் எவ்வளவு பெரியதாயிருந்தாலும், பிரியாணி எத்தனை தேக்சா இறங்கியிருந்தாலும் கலியாணம் கிடையாது. இதுதான் முறை.

இந்தக் கேள்வி சாமானியமான கேள்வியல்ல. நம் நாட்டில் கன்னிகாதானம் என்று ஒரு விவாக முறை இருக்கின்றது. அதில் பெண் ஒரு தானப் பொருள். கொடுப்பவன் தகப்பன், வாங்குபவன் மாப்பிள்ளை, நடுவில் நின்று தட்சணை வாங்குபவன் புரோகிதன். பசுவைத் தானம் கொடுக்கும்போது "உனக்கு இவரிடம் போகச் சம்மதமா?" என்று அந்தப் பசுவைப் பார்த்து யாரும் கேட்பதில்லையல்லவா? அதுபோலவே பெண்ணையும் கேட்பதில்லை. முஸ்லிம் விவாகமோ தானமல்ல. அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரண்டு கட்சியும் வாய் திறந்தாக வேண்டும். இந்த அளவில் அது கன்னிகாதானத்தைவிடப் பல மடங்கு மேலானது என்பதை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு யாதொரு தடையும் இல்லை.

ஆனால், தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை முதலிய நமது பக்கத்து ஊர்களில் இந்தக் கேள்வி எப்பொழுது கேட்கப்படுகின்றது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தரகரோ உறவினரோ பேச்சைத் தொடங்குகிறார். மாப்பிள்ளையின் தாயாரும் சகோதரிகளும் வந்து பெண்ணைப் பார்க்கிறார்கள். ஆண்கள் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பேசுகிறார்கள். தேதி குறிக்கப்படுகின்றது. மண்டபத்திற்கு முன்பணம் கட்டப்படுகின்றது. பத்திரிகை அச்சடித்துப் பத்து ஊருக்குப் போகின்றது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் விமானமேறி வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆடுகளை அறுத்தாய்விட்டது. இவ்வளவும் முடிந்த பிறகு, எல்லாவற்றிற்கும் கடைசியாகப் பெண்ணிடம் போய் "சம்மதமா?" என்கிறார்கள். வெளியே ஊரே கூடி உட்கார்ந்திருக்க, எந்தப் பெண்ணுக்கு "இல்லை" என்று சொல்ல நெஞ்சு வரும்? அவள் தலையைக் குனிந்துகொள்ளுகிறாள். "மௌனம் சம்மதம்" என்கிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நிச்சயமாகச் சொல்லுகிறோம்: "இல்லை" என்று சொல்ல முடியாத இடத்தில் "ஆம்" என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இதைப் படித்தவுடன் சில முஸ்லிம் கனவான்கள், "எங்கள் மத விஷயத்தில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். நாம் எந்த மதத்திற்கும் வக்கீலுமல்ல, எந்த மதத்தையும் குத்திக்காட்டிச் சந்தோஷப்படுகிறவர்களுமல்ல. முஸ்லிம் பெண்ணும் மனித ஜீவன், அவளுக்கும் ஒரே வாழ்வுதான் உண்டு என்கின்ற ஒரே காரணத்தினால்தான் எழுதுகிறோம். அன்றியும், இவ்விஷயத்தில் நாம் வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவந்து புகுத்த வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுடைய ஹதீஸ் நூல்களில் உள்ளதை எடுத்துக் காட்டினாலே போதுமானது.

கன்ஸா பின்த் கிதாம் என்கின்ற ஸ்திரீயை அவள் தகப்பனார் அவளுக்கு விருப்பமில்லாத இடத்தில் விவாகம் செய்து கொடுத்துவிட்டார். அவள் நேரே முகம்மது நபியிடம் போய் முறையிட்டாள். அவர் அந்த விவாகத்தையே செல்லாததாக்கினார். முகீரா என்பவர் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தபோது, முதலில் போய் அவளைப் பார்த்துவிட்டு வா, அதுவே உங்களுக்குள் அன்பு நிலைக்க உதவும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கதீஜா அம்மையாரோ தாமே ஒரு தோழியை அனுப்பி நபியிடம் விவாகப் பேச்சைத் தொடங்கியவர் என்று சரித்திரம் சொல்லுகிறது. இன்று தென்காசியில் ஒரு பெண், "அந்தப் பையனைக் கேட்டுப் பாருங்கள்" என்று தன் வீட்டில் வாய் திறந்தால் அவளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இவை எல்லாவற்றிலும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது பரீரா என்கின்ற அடிமைப் பெண்ணின் சங்கதி. விடுதலை பெற்றவுடன், தன் புருஷனோடு இருப்பதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. அவள் விலகினாள். புருஷனோ மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டே அவள் பின்னால் திரிந்தான். நபியே அவனுக்காகப் பரிந்து பேசினார். அவளோ, இது உத்தரவா என்று கேட்டாள். உத்தரவல்ல, சிபாரிசுதான் என்று பதில் வந்தது. அப்படியானால் அவன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்காக அவளை யாரும் தண்டிக்கவுமில்லை, மதம் கெட்டவள் என்று சொல்லவுமில்லை. நபியின் சிபாரிசையே மறுக்க ஒரு முன்னாள் அடிமைக்கு உரிமை இருந்ததென்றால், மாமனின் சிபாரிசை மறுக்கக் கடையநல்லூர்ப் பட்டதாரிப் பெண்ணுக்கு ஏன் உரிமை இல்லை?

நிற்க, மௌன விஷயத்திற்கு வருவோம். கன்னிப்பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா அம்மையார் கேட்டபோது, அவளுடைய மௌனமே சம்மதம் என்று பதில் சொல்லப்பட்டதாக ஹதீஸ் இருக்கின்றது. இதை யோசித்துப் பார்த்தால் கருத்து விளங்கும். கூச்சப்படும் பெண்ணை வாய்விட்டுச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்பதற்காகக் காட்டிய சலுகை அது. அவளுக்காக ஏற்பட்ட சலுகையை அவளுக்கு விரோதமாகத் திருப்பி, கேட்காமலே காரியத்தை முடிப்பதற்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். கூச்சத்தால் வரும் மௌனமும் உண்டு; பயத்தால் வரும் மௌனமும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று எழுதி வைப்பது பெரிய மோசடியாகும்.

சட்ட நூல்களிலும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. ஹனபி மத்ஹபின்படி புத்தி தெளிந்த, வயது வந்த பெண் தன் விவாகத்தைத் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஷாபி மத்ஹபின்படியோ வலி இல்லாமல் நிகாஹ் இல்லை. கன்னிப்பெண்ணைத் தகப்பனாரும் பாட்டனாரும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவள் சம்மதமின்றியே கட்டிக் கொடுக்கலாம், அவளைக் கேட்பது நல்லது என்ற அளவோடு பழைய நூல்கள் நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டில் உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபிகள். காயல்பட்டணம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊரார் ஷாபிகள். ஒரே மார்க்கம், ஒரே வேதம், ஒரே நபி. ஆனால் பேருந்தில் சில மணி நேரம் போனால் பெண்ணின் உரிமை மாறிவிடுகின்றது! இதிலிருந்து விளங்குவது என்னவென்றால், இவை அந்தந்தக் காலத்தில் மனிதர் யோசித்து ஏற்படுத்திய சட்டங்களென்பதேயாகும். மனிதர் ஏற்படுத்தியதை மனிதர் திருத்தலாம். திருத்தியும் இருக்கிறார்கள். துனீசியாவில் 1956-ம் வருஷத்துச் சட்டம் இருவருடைய சம்மதமும் இல்லாமல் விவாகமே இல்லை என்றது. மொராக்கோவில் 2004-ம் வருஷத்துச் சட்டம் வயது வந்த பெண் வலி இல்லாமல் தானே விவாகம் செய்துகொள்ளலாம் என்றது. அந்த நாடுகளில் இதனால் மசூதிகள் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

இனி, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுவது எப்படி என்பதைப் பார்ப்போம். இப்பொழுது நடப்பது வேடிக்கையாக இருக்கின்றது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வருகிறான். வருவதற்கு முன்னமே பெண் முடிவாகிவிட்டது. அவன் பார்த்தது ஒரு போட்டோ. அவள் கேட்டது ஒரு பெயர். நிச்சயமான பிறகு மட்டும் இருவரும் செல்போனில் மணிக்கணக்காகப் பேசலாம் என்று பல வீடுகளில் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். பேச்சில் குணம் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? அப்பொழுது "பேசி முடித்த சம்பந்தம், குடும்ப மானம்" என்கிறார்கள். சந்தையில் மண்சட்டி வாங்குகிறவள்கூடக் காசு கொடுப்பதற்கு முன்னால்தான் தட்டிப் பார்க்கிறாள். காசு கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகு தட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம்?

பேசினால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று சொல்லுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுடைய சட்டம் தடுப்பது ஆணும் பெண்ணும் தனித்திருப்பதைத்தான். உறவினர் பார்வையில் உட்கார்ந்து பேசுவதை அது தடுக்கவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தூரந்தான். ஆனி, ஆடி மாதச் சாரலில் அங்கு போய்ப் பாருங்கள். பேரருவியில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் குளிக்கிறார்கள். பர்தா அணிந்த பெண்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் போகிறார்கள். குடும்பங்கள் விரிப்பை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகின்றன. ஆயிரம் கண்களுக்கு நடுவில், அண்ணன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, விவாகம் பேசப்பட்ட இருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "நீ மேலே படிக்க ஆசைப்படுகிறாயா? வேலைக்குப் போவாயா? நான் வெளிநாடு போனால் நீ என் தாயாரோடு இருக்கவேண்டுமா, என்னோடு வர இஷ்டமா?" என்று பேசிக்கொள்ளுவதில் எந்த ஒழுக்கம் கெட்டுப் போகும்? ஊர் சுற்றிப் பார்க்கவும் அருவியில் குளிக்கவும் கூட்டிப்போகும் பெண்ணை, வாழ்நாள் முழுவதும் கூட வாழப்போகிறவனோடு நாலு வார்த்தை பேசவிடக் கூடாதா?

இவ்வளவுக்கும் அடியில் கிடக்கும் விஷம் கைக்கூலி. முஸ்லிம் விவாகத்தில் மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பொருள். அது அவளுடைய சொந்தச் சொத்து. 1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையில் சேர்க்காமல் விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் நடப்பதென்ன? புத்தகத்தில் மஹர் என்று பெயருக்கு ஒரு சிறு தொகை. புத்தகத்திற்கு வெளியே பெண் வீட்டார் கொடுக்கும் ரொக்கம், நகை, சீர், வாகனம். ஆறு மலைமேல் ஏறி ஓடுவதைப்போல, ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போகவேண்டிய பணம் பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போகின்றது. இதற்கும் சம்மதத்திற்கும் என்ன சம்பந்தம் என்றால், பணம் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பேச வாய் இருக்கும். தகப்பன் வீட்டை அடமானம் வைத்துக் கைக்கூலி கொடுத்த பிறகு, மகள் எந்த வாயால் மாட்டேன் என்பாள்? கைக்கூலி வாங்கும் கலியாணத்தை நடத்திவைக்க மாட்டோம் என்று சில ஜமாத்துகளும் இயக்கங்களும் உறுதி செய்திருக்கின்றன. இதை மனமாரப் பாராட்டுகிறோம். எல்லா ஜமாத்துகளும் அவ்வாறே செய்யத் தடை என்ன என்றும் கேட்கிறோம்.

இன்னொரு விஷயம், யாரைத் தேடுவது என்பது. தென்காசிக்குச் சமீபத்திலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடே கிடுகிடுத்தது. டில்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் ஓடிவந்தார்கள். இழிவைப் பொறுக்க முடியாமல், மனிதனாக நிற்க ஓர் இடம் தேடி அவர்கள் போனார்கள். மசூதியில் தோளோடு தோள் நின்று தொழ இடம் கிடைத்தது. இது பெரிய காரியம். இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் ஜாதி ஒழிந்ததா இல்லையா என்பதற்குத் தொழுகை வரிசை பாதிப் பரீட்சை. சம்பந்த வரிசைதான் முழுப் பரீட்சை. பக்கத்தில் நின்று தொழுதவனுடைய மகனுக்கு உன் மகளைக் கேட்டு வந்தால், "அவர்கள் எப்பொழுது வந்தவர்கள்?" என்று விசாரிப்பாயானால், வாசலில் விட்டு வந்த ஜாதியைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டவனாவாய். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்கணி என்று பார்ப்பதும், மாமன் மகள் அத்தை மகன் என்ற முறைக்குள்ளேயே சுற்றி வருவதும் பெண்ணின் தேர்வை நாலு சுவருக்குள் அடைப்பதேயாகும்.

அப்படியானால் மதத்திற்கு வெளியே? அதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். கேரளத்து ஹாதியா வழக்கை வாசகர்கள் அறிவார்கள். வைத்தியம் படித்த, வயது வந்த ஒரு பெண் இஸ்லாத்தைத் தழுவி ஒரு முஸ்லிமை மணந்தாள். 2017-ல் கேரள உயர்நீதிமன்றம் அந்த விவாகத்தைச் செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட்டு அவளை நேரில் வரவழைத்துக் கேட்டது. பிறகு, வாழ்க்கைத் துணையைத் தெரிந்தெடுப்பது வயது வந்தவருடைய சொந்த உரிமை என்று சொல்லி, 2018-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி விவாகத்தைச் செல்லும் என்றது. அன்று முஸ்லிம்களில் சந்தோஷப்படாதவர் யார்? சந்தோஷம் நியாயமே. அதே நியாயம், ஒரு முஸ்லிம் பெண் ஒரு முஸ்லிமல்லாதவனை 1954-ம் வருஷத்துச் சிறப்பு விவாகச் சட்டப்படி மணக்கும்போதும் இருக்கவேண்டுமல்லவா? வருகிற பெண்ணுக்கு அறிவு உண்டு, போகிற பெண்ணுக்கு அறிவு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இதே கேள்வியை "எங்கள் பெண்ணை மயக்கிவிட்டார்கள்" என்று கூச்சலிடும் இந்துக்களிடமும் திருப்பிக் கேட்கிறோம்.

இந்து வாசகர்கள் இதைப் படித்துவிட்டு முஸ்லிம்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தன் இஷ்டப்படி மணந்த பெண்ணின் கண்முன்னாலேயே அவள் புருஷனை 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டியது எந்த மதத்து ஜாதி வெறி? காதலித்த குற்றத்திற்காக ஒரு வாலிபனை 2025-ல் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொன்றது எது? முஸ்லிம் வீட்டில் கடைசி நிமிஷத்திலாவது ஒரு கேள்வி இருக்கின்றது. நம் வீட்டில் ஜாதகத்தைக் கேட்கிறோம், ஜோசியனைக் கேட்கிறோம், கோவிலில் பூக்கட்டிப் போட்டுச் சாமியைக் கேட்கிறோம், பெண்ணைக் கேட்கிறோமா? 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்கள் தங்கள் துணையைத் தாங்களே தெரிந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. நூறு வருஷம் ஆகப்போகிறது. தீர்மானம் இன்னும் நம் வீட்டுப் படி ஏறவில்லை என்பதை நினைத்து முதலில் நாம் வெட்கப்படவேண்டும்.

முஸ்லிம் பெண்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் யாரும் எண்ண வேண்டாம். 1938-லேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் "காதலா கடமையா" என்று நாவல் எழுதி வெளியிட்டார். துவரங்குறிச்சியில் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, அடைபட்ட பெண்களின் வாழ்வை "இரண்டாம் ஜாமங்களின் கதை" என்று எழுதி உலகத்திற்குக் காட்டினார். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம், ஆண்கள் மட்டும் கூடிப் பெண்ணின் வழக்கைத் தீர்க்கும் ஜமாத்து எங்களுக்கு வேண்டாம் என்று பெண்கள் ஜமாத்தையே ஏற்படுத்தினார். நம் பக்கத்திலும், தென்காசி, கடையநல்லூர்ப் பெண்கள் அந்தக் காலத்திலேயே குடும்பத்தோடு கப்பலேறிச் சிங்கப்பூர் போய், மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்தவர்கள். கடல் கடந்து பிழைத்தவர்களின் பேத்திகளுக்கு, தன் புருஷன் யார் என்று சொல்ல மட்டும் அறிவு போதாதா?

ஆகவே நாம் வேண்டுவது அதிகமொன்றுமில்லை. கேள்வி ஏற்கெனவே இருக்கின்றது. அதைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவாருங்கள். பேச்சுத் தொடங்கும்போதே, தகப்பனார் பக்கத்தில் இல்லாமல், பெண்ணுக்கு நம்பிக்கையான ஒரு ஸ்திரீயைக்கொண்டு அவளைத் தனியாகக் கேளுங்கள். யோசித்துச் சொல்லப் பத்து நாள் தவணை கொடுங்கள். 18 வயது நிரம்பாமல் பேச்சே எடுக்காதீர்கள். இருவரும் பார்த்துப் பேசிய பிறகு தேதி குறியுங்கள். மஹரைக் கையில் கொடுத்துப் புத்தகத்தில் எழுதுங்கள்; கைக்கூலி வாங்கினவன் வீட்டு விருந்துக்குப் போகாதீர்கள். ஜமாத்துக் கூட்டத்தில் பெண்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. "அம்மா பார்த்து முடித்துவிட்டாள், நான் என்ன செய்ய?" என்று சொல்லுவது ஆண்மையல்ல. உன்னிடம் வரும் பெண் மனமொத்து வருகிறாளா, வாயடைத்து வருகிறாளா என்று தெரிந்துகொள்ளுவது உன் கடமை. "அவளை எப்பொழுது கேட்டீர்கள்? என்ன சொன்னாள்?" என்று உன் வீட்டாரைக் கேள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வா. அப்படி ஒரே ஒரு மாப்பிள்ளை எழுந்து வந்தால் போதும். அடுத்த வாரமே ஊரில் எல்லாப் பெண்களையும் முன்கூட்டிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.